நாலு விரல் அகலம்

நார்பர்ட் ஜாடினைப் பற்றி எங்கள் மார்டெல் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அந்த ஐஸ் கதையைத்தான் சொல்வார்கள். சீஸ் ஆலையில் பாலை எடை போட்டு வாங்குவது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே தராசு. ஒரு ஜனவரி காலையில் அவனுடைய சொந்தப் பெரியப்பா கொண்டுவந்த பால் கேன்களின் அடியில் எடையைக் கூட்டிக்காட்டும் ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை விவசாயிகளும் பார்க்க, நார்ப் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த ஐஸை ஒரு துளி விடாமல் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் கேனைத் தராசில் ஏற்றினான். பெரியப்பா ஈஸ்டர் வரைக்கும் அவனோடு பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயிகூடத் தராசு முள்ளைக் குனிந்து பார்த்ததில்லை. நார்ப் சொன்னால் சரி, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வாய் கூசுகிறது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

நான் எம்மெட். முடிவெட்டும் கடை வைத்திருந்தேன். வாய்தான் என் முதலீடு. தலையில் நாலு முடி மிஞ்சியிருக்கிறவனிடமும், "உனக்கென்னப்பா குறைச்சல், இன்னும் இருபது வருஷத்துக்குத் தாங்கும்" என்று சொல்லி அனுப்பி வைத்தே பிழைத்தவன். வந்தவன் எதைக் கேட்க ஆசைப்படுகிறான் என்பது கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். பிடிக்காமல் எப்படி இருக்கும்?

எங்கள் ஊர் அணிக்கு மில்லர்கள் என்று பெயர். காகித மில்லும் சீஸ் ஆலையும் விட்டால் ஊரில் வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பால் என்றால் பெரிய நகரத்துக்காரனெல்லாம் எங்களைக் கண்டு நடுங்குவான். சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் அளவுச் சங்கிலி பிடிக்க உள்ளூர் ஆட்களைத்தான் போடுவார்கள். நாங்கள் மூன்று பேர். பின் கம்பு ஆர்லோவுக்கு. அவன் பிளம்பர். மறைத்துப் பேசத் தெரியாத ஜென்மம். பெண்டாட்டி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டால், வாளி மாதிரி இருக்கிறது என்பான். முன் கம்பு எனக்கு. இரண்டு கம்புக்கும் நடுவில் பத்து கஜச் சங்கிலி. நாலு முயற்சிக்குள் பந்து அந்தப் பத்து கஜத்தைத் தாண்டினால் பந்து வைத்திருக்கிற அணிக்கே மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். தாண்டாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும்.

நார்ப் கையில் கிளிப். பார்த்தால் துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி, ஒன்றுமே இல்லை. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சங்கிலி அந்தக் கோட்டைத் தொடுகிற கண்ணியில் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். ஆட்டக்காரர்கள் எங்கள் மேல் வந்து விழுந்தால் கம்பைப் போட்டுவிட்டு ஓடலாம்; திரும்பி வந்து கிளிப்பை அதே கோட்டில் வைத்தால் கம்புகள் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். நடுமைதானத்தில் வைத்து அளக்கும்போதும் அப்படித்தான். கிளிப் கழன்றால் அளவு போச்சு.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சங்கிலி பிடிக்கிறவன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எந்த அணியின் நிறத்தையும் உடம்பில் போடக் கூடாது. இதில் நார்ப் எமன். ஆர்லோ ஒருமுறை எங்கள் அணியின் பச்சை நிறத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தபோது அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். நான் லேசாக விசிலடித்தால்கூடப் போதும்.

"டேய் எம்மெட், வாயை மூடறியா, கம்பாலயே ஒண்ணு போடவா? நாம ஆட்டம் பாக்க வரலை. அளக்க வந்திருக்கோம்."

"சரிங்க பாதிரியாரே," என்பேன் நான்.

அறுபத்தொன்றாம் வருஷம் லீக்கின் கடைசி ஆட்டம், சாம்பியன் யார் என்பதற்கான ஆட்டம், எங்கள் ஊருக்கே வந்தது. எதிரே ஹார்மன் நகரத்து ஐயன்மேன் அணி. அந்த வருஷம் அவர்கள் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தார்கள், நாங்கள் இரண்டு. அதைவிட பலமான இரண்டு அணிகளை நான் ஒரே மைதானத்தில் பார்த்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நார்பின் மனைவி ஹெலன் ஹார்மன் நகரத்துக்காரி. அவளுடைய அண்ணன் காசிமிர், நாங்கள் காஸ் என்போம், அங்கே இரும்பு ஆலையில் உலை வேலை செய்கிறவன், ஐயன்மேன் என்றால் உயிரை விடுகிறவன். சங்கிலி பிடிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட் இலவசம். நார்பின் இரண்டு பெண்களும் அந்த டிக்கெட்டுக்குச் சண்டை போட்டார்கள். அவன் அதைத் தூக்கி மச்சானுக்குக் கொடுத்துவிட்டான்.

ஆட்டத்தன்று காலையில் நான் அவன் வீட்டுக்குப் போனபோது காஸ் சிவப்புத் தொப்பியோடு சமையலறையில் உட்கார்ந்து சாசேஜை வெட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இன்னைக்கு உங்க மில்லர்களை மாவா அரைச்சு மூட்டை கட்டிடுவோம், பாத்துக்கோ!"

"என்கிட்ட ஏன் சொல்றே?" என்றான் நார்ப், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "சாயங்காலம் வரைக்கும் நான் எந்த ஊர்க்காரனும் இல்லை."

"இதான்யா என் மச்சான்!" என்று காஸ் என்னைப் பார்த்துச் சொன்னான். "ஊரே திருட்டு ஊர். சங்கிலி மட்டும் சுத்தம்."

அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே. காபியைக் கோப்பையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஆடை கட்டியது. நான் கம்பை ஊன்றிய இடத்தில் உறைந்த பனியில் கம்பின் முனை சின்னதாகக் குழி போட்டது. அந்தக் குழியை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

கடைசிக் கால்பகுதி. ஆட்டம் முடிய நாலு நிமிஷம். ஐயன்மேன் பதின்மூன்று, நாங்கள் பத்து. பந்து எங்களிடம். நாங்கள் தாண்ட வேண்டிய பத்து கஜத்துக்கு நடுவில் ஐம்பதாம் கஜக் கோடு, அதில் நார்பின் கிளிப். முதல் முயற்சியில் மூன்று கஜம் கிடைத்தது. இரண்டாவதில், மில்லில் காகிதக் கூழ் கலக்குகிற விக் லெமான்ஸின் மகன், எங்கள் தெருப் பையன், எங்களுக்கு நேரே ஓரத்தில் ஓடிவந்து எகிறி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தான். அவனை மூன்று தடியன்கள் எங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆர்லோவும் நானும் வழக்கப்படி கம்பைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம்.

நார்ப் ஓடவில்லை. "அப்படிப் போடு ராஜா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. குதித்தவன் சங்கிலி மேலேயே இறங்கினான். கிளிப் தெறித்துப் பனியில் விழுந்தது.

குனிந்து எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கையை உயர்த்தி, கிளிப் கழன்றுவிட்டது என்று எல்லை நடுவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், ஏன் கழன்றது என்று கேட்பார். ஐம்பதாயிரம் பேர் பார்க்க, சங்கிலிக்காரன் கத்திக் குதித்தான் என்று சொல்ல வேண்டும். நார்ப் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியைத் தடவிப் பார்த்தான், கிளிப்பை மாட்டினான், கோட்டில் வைத்தான். ஆர்லோவும் நானும் கம்பைத் தூக்கிச் சங்கிலியை இழுத்துப் பிடித்தோம்.

என் கம்பு பழைய குழியில் நிற்கவில்லை. குழி கம்புக்கு முன்னால் இருந்தது. நாலு விரல் அகலம். அதாவது எங்கள் பையன்கள் தாண்ட வேண்டிய தூரத்தில் நாலு விரல் குறைந்து போயிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூட்ஸை நகர்த்தி அந்தக் குழியைத் தேய்த்து மூடினேன். யாரும் என்னைத் தேய்க்கச் சொல்லவில்லை. மனசு யோசிப்பதற்கு முன்னாலேயே கால் செய்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யோசித்துத்தான் செய்தேன்.

இன்னும் ஒரு கஜம் தேவை. மூன்றாவது முயற்சியில் ஒன்றும் நகரவில்லை. நாலாவதில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் கும்பலுக்குள் பாய்ந்தான். மேலே பத்துப் பேர் விழுந்தார்கள். அள்ளி எடுத்துப் பார்த்தால், தாண்டியதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எல்லை நடுவர் மிஸ்டர் டன்னிங் எங்களிடம் ஓடிவந்து கிளிப்பைக் கையில் பிடித்தார். அளக்கப் போகும் முன் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"கிளிப் உறுதியா, நார்ப்?"

"உறுதி சார்."

மைதானத்துக்கு நடுவில் போய்ச் சங்கிலியை இழுத்தோம். பந்தின் மூக்கு என் கம்பைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊர் எழுப்பிய சத்தத்தில் என் கையிலிருந்த கம்பு அதிர்ந்தது. அங்கிருந்து மறுபடி மறுபடி முன்னேறி, எங்கள் பையன்கள் கோல் கோட்டைக் கடந்து ஏழு புள்ளி எடுத்தார்கள். பதினேழுக்குப் பதின்மூன்று. நாங்கள் சாம்பியன்.

மறுநாள் புது வருஷம். ஊரே ஆடிக்கொண்டிருந்தது. மாடுகளுக்குப் புது வருஷம் ஏது, அதனால் நார்ப் மட்டும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தான். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். போனேன். கடைசி வண்டி போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். லீக் அலுவலகத்துக்கு எழுதியது.

"கிளிப் கழண்டுபோச்சு எம்மெட். என்னாலதான். குதிச்சுத் தொலைச்சேன். குத்துமதிப்பா மாட்டினேன். சரியா மாட்டினேனா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

கடிதத்தை என் பக்கமாக நீட்டினான்.

"உன் கம்புக்கு ஒரு குழி இருந்திருக்கும். திரும்ப ஊனினப்ப அதே குழியிலதான் நின்னுச்சா? நீ ஆமான்னு சொன்னா இதைக் கிழிச்சுடறேன். இல்லைன்னா இப்பவே தபால்ல போடறேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் முகம் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது. அவன் எதைக் கேட்க ஆசைப்படுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதே குழிதான்டா," என்றேன். "மயிரிழை நகரலை. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அவன் கடிதத்தை நாலாக மடித்தான். பிறகு அதை ஆலை பாய்லருக்குள் போட்டான். நிம்மதியாகிவிட்டான் என்று நினைத்தேன், முட்டாள். அந்த வாரமே சங்கிலி வேலையை விட்டுவிட்டான். முட்டி வலி என்று ஊருக்குச் சொன்னான். பிறகு ஒரு ஆட்டத்துக்குக்கூட மைதானத்துப் பக்கம் வரவில்லை. நான் இன்னும் எட்டு வருஷம் வெட்கமில்லாமல் அதே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷ ஈஸ்டருக்குக் காஸ் வந்தான். வலது கை முட்டியில் தழும்பு. சாப்பாட்டு மேஜையில் பெருமையாகக் காட்டினான்.

"ஸ்டாஷுக்கு விட்டேன் ஒரு குத்து! என்கூட உலையில நிக்கிறவன், பதினஞ்சு வருஷப் பழக்கம். அந்த அளவுல ஏதோ கோளாறு, சங்கிலிக்காரன் எகிறிக் குதிச்சதை நான் டிவியில பாத்தேன்னு சொல்றான். யாரைப் பாத்து? 'என் மச்சான் பிடிச்ச சங்கிலிடா, அவன் சொந்தப் பெரியப்பனுக்கே ஐஸைச் சுரண்டிப் போட்டவன்டா'ன்னு சொல்லி வச்சேன் பாரு. முன்பல்லு ரெண்டு காலி."

ஹெலன் சிரித்தாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நார்ப் எழுந்து, அடுப்புக்கு விறகு கொண்டுவருகிறேன் என்று வெளியே போனான். அந்த வீட்டில் இருந்தது எண்ணெய் அடுப்பு.

இருபத்திரண்டு வருஷம் இப்படியே போனது. எண்பத்து மூன்றில் நார்புக்கு நுரையீரலில் புற்று வந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை நான் அவனுக்கு முடி வெட்டப் போனேன். தோளில் துண்டைப் போட்டு, பாதித் தலை வெட்டியிருந்தேன். கழுத்து அப்படி இளைத்துக் கிடந்தது. பார்க்கப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"நார்ப், அன்னைக்கு நான் சொன்னது பொய். கம்பு பழைய குழியில நிக்கலை. நாலு விரல் பின்னால நின்னுச்சு. குழியை நான்தான் பூட்ஸால தேய்ச்சு மூடினேன்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கால் நகந்ததைப் பாத்தேன்டா. கிளிப்பைக் கோட்டுல வச்சுட்டு நிமிர்ந்தேன், உன் பூட்ஸ் தேய்ச்சுக்கிட்டிருந்தது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் என்ன மயிருக்குடா மறுநாள் கூப்பிட்டு என்னைக் கேட்டே?"

"அதான்," என்றான். மூச்சு வாங்கியது. "ஆர்லோவுக்கும் ஒரு கம்பு இருந்துச்சே. அவனுக்கும் ஒரு குழி இருந்திருக்கும். அவனைக் கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பான். நான் அவனைக் கேக்கலை. உன்னைக் கேட்டேன். நீ என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவன் அழுதான். அவ்வளவு காலமும் நான் அவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னை வைத்துத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பாதி வெட்டிய தலையோடு அவனும், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நானும்.

"ஞாயித்துக்கிழமை காஸ் வர்றான்," என்றான் கடைசியில். "சொல்லிடலாம். நீயும் கூட இரு."

ஞாயிறு மத்தியானம் காஸ் வழக்கம்போல ஒரு முழம் சாசேஜோடு வந்தான். எழுபது வயது. அதே சிவப்புத் தொப்பி, சாயம் போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன, ரெண்டு பெருசும் இன்னும் அந்த வெற்றியையே மென்னுக்கிட்டிருக்கீங்களா?" என்றான்.

நார்ப் என்னைப் பார்த்தான். நான் தொடங்கினேன், அவன் முடித்தான். குதித்தது, கிளிப், குழி, பூட்ஸ், கடிதம், என்னிடம் கேட்டது, ஆர்லோவிடம் கேட்காதது. ஒன்றையும் விடவில்லை. கேட்கப் பிடித்ததையே சொல்கிறவன் என்று தெரிந்துதான் எம்மெட்டைக் கேட்டேன் என்பதையும் நார்ப் சொன்னான்.

காஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். எல்லாம் முடிந்ததும், "எவ்வளவு?" என்றான்.

நான் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

"பந்து எவ்வளவு தாண்டுச்சு?"

இரண்டு விரலைக் காட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆட்டம் கிடக்குது, விடு," என்றான். "அப்ப ஸ்டாஷ் சொன்னது சரி."

"சரிதான்," என்றான் நார்ப்.

"எல்லாரும் பாக்க அடிச்சேனே. பல்லு தெறிச்சு விழுந்துச்சே. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் எனக்கு எதிர்லயே நின்னு வேலை பாத்தான். ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. என் பக்கம் நியாயம் இருக்குன்னு நெனச்சேன். அவன் சாவுக்குக்கூட நான் போகலை மச்சான்."

"காஸ்..." என்று நார்ப் கையை நீட்டினான்.

காஸ் அந்தக் கையைப் பிடித்தான். ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போர்வை மேல் வைத்தான். பிறகு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான். சமையலறையிலிருந்து ஹெலன், "அண்ணா, சூப் ஆறிடும், எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டாள். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி என்னிடம் வந்தான்.

"ஸ்டாஷோட பெண்டாட்டி உசிரோட இருக்கா. எங்க தெருவுல நாலு வீடு தள்ளி. தெனம் பாக்கறேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவா. நான் இப்பப் போய்க் கதவைத் தட்டி அவகிட்ட என்ன சொல்றது? நீ சொல்லு. அவங்கவங்களுக்குக் கேக்கப் பிடிச்சதைச் சொல்றவனாமே நீ. அவளுக்கு எதைக் கேட்டாப் பிடிக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பதிலுக்காக நின்றான்.

நாற்பது வருஷம் வாயை வைத்தே பிழைத்தவன் நான். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. காஸ் படியிறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தான். வெகுநேரம் வரைக்கும் காரைக் கிளப்பவில்லை. ஹெலன் சூப்பைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றினாள்.